மடவீட்டின் ஆறாவது வாசல்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என்னோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு எங்கள் வீடு மறந்திருக்காது. உங்கள் வீடுகள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று கட்டியவை போல மாடியும் படியுமாக நின்றன. எங்கள் வீடு மட்டும் ரயில்பெட்டியைத் தரையில் இறக்கி வைத்ததுபோல நீளமாகக் கிடந்தது. “உங்கடை வீட்டுக்கு எஞ்சின் எங்கை?” என்று கேலி பண்ணுவீர்கள். என் பிறந்தநாளுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பின்பக்க நடையின் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்பு வரை காலுறையோடு சறுக்கி விளையாடுவீர்கள். ஒரு குளிர்காலத்தில் அந்த நடை குட்டையாகிப் போனது. ஏன் என்று கேட்டீர்கள். நான் சொல்லவில்லை.

இப்போது நமக்கு முப்பது தாண்டிவிட்டது. சிலருக்குப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகின்றன. நான் கட்டடங்களைப் பற்றிப் படித்து, பழைய சுவர்களைப் பார்த்து அவற்றின் வயதையும் நோயையும் சொல்லும் வேலையில் இருக்கிறேன். அப்பாவின் படிப்பும் அம்மாவின் படிப்பும் யுத்தத்தோடு பாதியில் நின்றவை. எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை எங்கே கேட்டாலும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். ஊரார் வீடுகளைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டேன். எங்கள் வீட்டைப் பற்றியும் ஒருமுறை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

அது வீடாகக் கட்டப்பட்டதல்ல. அந்தக் காலத்து வியாபாரி ஒருவர் ஏழைக் கைம்பெண்களுக்காகக் கட்டிவைத்த தர்ம மடம். ஆறு பேருக்கு ஆறு அறைகள், ஒரே வரிசையில். ஒவ்வோர் அறைக்கும் தனி வாசல், ஒரு யன்னல், ஒரு கணப்பு, கூரையில் ஒரு புகைபோக்கி. வாசல்கள் தாழ்வானவை. நுழைந்தவுடன் முகத்துக்கு நேரே ஆளுயர மரத்தடுப்பு ஒன்று நிற்கும். வெளிக்காற்று நேராகப் போய்க் கணப்பு நெருப்பைக் கலைக்காமல் இருக்க வைத்தது. அதைச் சுற்றி உடம்பைத் திருப்பித்தான் உள்ளே போகலாம். வரிசையின் நடுவில் கூரை முக்கோணமாக எழும். அதன் நெற்றியில் எழுத்து வெட்டிய கல்.

மடம் மூடப்பட்ட பிறகு ஒரு வெள்ளைக்காரர் அதை வாங்கி ஒரே வீடாக மாற்றினார். அறைகளுக்கு இடையிலிருந்த ஐந்து சுவர்களையும் பின்பக்கத்தில் ஆள் போகும் அளவுக்கு உடைத்தார். அப்படி வந்ததுதான் நீங்கள் சறுக்கிய நடை. மூன்றாவது வாசலை அகலமாக்கி முன்வாசலாக வைத்துக்கொண்டு, மற்ற வாசல்களின் கீழ்ப்பாதியைச் செங்கல்லால் அடைத்து யன்னலாக்கினார். பழைய கல் கறுத்த சிவப்பு, அடைத்த கல் வெளிறிய சிவப்பு. தெருவில் நின்று பார்த்தால் எங்கே வாசல் இருந்தது என்று குழந்தைக்கும் தெரியும். மரத்தடுப்புகளையும் பிடுங்கிவிட்டார். ஆறாவது அறையிலிருந்ததை மட்டும் ஏனோ விட்டுவைத்தார்.

அவரிடமிருந்து அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கினார்கள். யுத்தம் சிதறடித்த குடும்பம் ஒரு கூரைக்குக் கீழ் வருகிறது என்று விம்பிள்டன் கோயிலில் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னார்கள். முதல் இரண்டு அறைகள் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும். மூன்றாவது முன்கூடம். நான்காவதும் அதன் மேல்மாடமும் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகள் பெரியக்காவுக்கு. ஐந்தாவது எங்களுக்கு. ஆறாவதில் அப்பாவின் பூச்சு வேலைச் சாமான்கள்.

மாமிக்கு அறை இல்லை. மாமி அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. முன்கூடத்தில், வாசலுக்குப் பக்கத்தில், ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார். “எனக்கு இதுதான் வசதி. மணி அடிச்சால் கேக்கும்” என்றார்.

மணி அடிக்கும் என்று மாமி காத்திருந்தார். ஊரில் ஒரு நாள் காலை சைக்கிளில் கடைக்குப் போன மாமாவைச் சோதனைச்சாவடியில் இறக்கிக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. மாமி தாலியைக் கழற்றவில்லை. நெற்றியில் ஐந்து பென்ஸ் காசளவு குங்குமம் வைப்பார். கண்ணாடி பார்க்காமலே வட்டம் தப்பாது.

குடிவந்த புதிதில் ஒருநாள் மாமி என்னை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நெற்றிக் கல்லைக் காட்டினார்.

“நீதானே படிக்கிற பிள்ளை. என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்.”

கழுத்தை வளைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். நல்லொழுக்கமுள்ள ஆறு ஏழை விதவைகள் வாழ்வதற்காக என்று இருந்தது. தமிழில் சொன்னேன். ‘விதவை’ என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியது நினைவிருக்கிறது. பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப எனக்கு இஞ்சை இடமில்லை, பிள்ளை. நான் விதவை இல்லையே. கள்ளமாயெல்லோ இருக்கிறன்!”

அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் ஒழுங்காக நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது. முகத்தைத்தான் முடியவில்லை.

*

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பெரியக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காலையிலிருந்து வீடு முழுக்க வடையும் சாம்பிராணியும் மணந்தன. பெரியம்மா வெள்ளிக் குங்குமச் செப்பும் பன்னீர்ச் செம்பும் ஏந்திக்கொண்டு தானே கதவைத் திறக்க வேண்டும் என்று ஆயத்தமாக நின்றார். கடைசி நிமிடத்தில் அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அவர் உள்ளே ஓடினார். மணி அடித்தது.

மாமி திறந்தார். மணி அடித்தால் திறப்பவர் அவர்தானே. அரக்குச் சேலை, பெரிய பொட்டு, வாய் நிறைய “வாங்கோ, வாங்கோ.” வந்தவர்களின் குளிர்ச் சட்டைகளை வாங்கி மாட்டினார். மாப்பிள்ளையின் தாய் கூடத்தில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதைக்குக் கேட்டார்: “உங்கடை அவர் எங்கை, காணேல்லை?”

“அவர் இன்னும் வரேல்லை” என்றார் மாமி, வேலைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல.

பெரியம்மா வடைத்தட்டோடு வாசலடியில் நின்றுவிட்டார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக் கதை இந்த வீட்டுக்குத் தெரியாமலிருக்க லண்டன் அவ்வளவு பெரிய ஊரில்லை.

பொருத்தம் சரியில்லை என்று சில நாளில் போன் வந்தது. அன்று சமையலறையில் நடந்த பேச்சை நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழிருந்து கேட்டேன்.

“ஆர் மச்சாள் உங்களைக் கதவு திறக்கச் சொன்னது?” இது பெரியம்மா.

“மணி அடிச்சது. திறந்தன்.”

“முழிவியளம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?”

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போதும் போய் இறங்கும்போதும் முதலில் எதிர்ப்படும் முகத்தைப் பார்த்துச் சகுனம் சொல்வார்களே, அதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர்.

“நான் பொட்டு வைச்ச பொம்பிளை” என்றார் மாமி.

“பொட்டை நீங்கள் வைக்கிறியள். ஊர் வைக்கேல்லை.”

 மாமி குழாயைத் திறந்து பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

அன்றிலிருந்து காலைகள் மாறின. பெரியப்பா கடைக்கு வெளிக்கிடும்போது மாமி கட்டிலை விட்டெழுந்து நடைக்குள் போய் மறைந்து நிற்பார். பெரியக்கா வேலைக்குப் போகும்போதும் அப்படித்தான். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அவர் மறையும்வரை யாரும் சப்பாத்தும் போடவில்லை. “நான் உள்ளுக்கை இருக்கிறன், நீங்கள் போங்கோ” என்று நடையிலிருந்து குரல் வரும். பிறகுதான் கதவு திறக்கும்.

அப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர் அவர். எந்தப் பிரச்சினைக்கும் சாந்து பூசும் அகப்பையை எடுத்தால் தீர்வு வரும் என்று நம்புபவர். ஆறாவது அறையைச் சாமான்களிலிருந்து காலியாக்கி, வெள்ளையடித்து, மூலையிலிருந்த குளியலறையைத் திருத்தி, ஒரு சிறிய மின்னடுப்பும் வைத்தார். பிறகு யன்னலுக்குக் கீழிருந்த வெளிறிய செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதற்கெல்லாம் கவுன்சிலில் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வதுதான் இன்று என் தொழில். அன்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுத்தார், அவ்வளவுதான்.

கற்களுக்கு அடியில் பழைய வாசற்படி அப்படியே கிடந்தது. நடுவில் மிதிபட்டுக் குழிந்த கல். மாமி ஒரு குவளைத் தண்ணீரை அதில் ஊற்றினார். கிண்ணத்தில் நிற்பதுபோல நின்றது.

“பாருங்கோ அக்கா, ராசாத்தி மாதிரித் தனி வாசல்” என்றார் அப்பா. தூசி படிந்த முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. “ஆருக்கும் பயப்படத் தேவையில்லை. நினைச்ச நேரம் போகலாம், வரலாம்.”

“அவர் வந்தால் எந்த மணியை அடிப்பார், தம்பி?”

அப்பா கதவு நிலையில் கைவைத்து இடம் பார்த்தார். பிறகு, “இதுக்கும் ஒரு மணி பூட்டிவிடுறன்” என்றார்.

மாமி என் பக்கம் திரும்பி, நெற்றிக் கல் இருந்த திசையில் நாடியைத் தூக்கிக் காட்டினார்.

“கடைசியா எனக்கும் இடம் தந்திட்டினம், பிள்ளை.”

அப்பா அதைக் கேட்டார். விளங்கிக்கொள்ளவில்லை. தான் அக்காவுக்கு விடுதலை செய்து கொடுத்ததாகத்தான் அவர் பல வருடம் நம்பியிருந்தார்.

*

புது வாசல் வந்ததும் குளிரும் வந்தது. கதவு திறக்கும் போதெல்லாம் காற்று மரத்தடுப்பைச் சுற்றி வந்து, நடை வழியாகச் சமையலறை வரைக்கும் போனது. “இந்த வாசலாலை வீடு முழுக்க விறைக்குது” என்றார் பெரியம்மா. அது பொய்யில்லை. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையிலிருந்த திறப்பை அப்பா கல் வைத்துக் கட்டிப் பூசினார். “குளிர் போகுமட்டும்தான் அக்கா. பங்குனியிலை உடைச்சு விடுறன்.” ஈரச் சாந்தின் மணம் நான் படுக்கும் பக்கத்துச் சுவரிலிருந்து பல நாள் வந்துகொண்டிருந்தது. பிறகு வர்ணம் பூசினார்கள். பெரியம்மா அதில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டார்.

அப்படித்தான் உங்கள் சறுக்குப் பாதை குட்டையானது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் வெளியால் சுற்றிக்கொண்டு மாமியிடம் போவேன். நீல எனாமல் கோப்பையில் தேத்தண்ணி தருவார். கோப்பையின் விளிம்பில் எனாமல் உடைந்து ஒரு கறுப்புப் பிறை இருக்கும், அதில் வாய் படாமல் குடிக்க வேண்டும். எரியாத கணப்புக்குள் சாமிப்படம் வைத்து விளக்கேற்றியிருந்தார். மாமியின் மடியில் எப்போதும் ஒரு சிறிய ரேடியோ. லண்டன் தமிழ் ரேடியோவில் பாட்டு, மரண அறிவித்தல், சேலைக்கடை விளம்பரம், திரும்பவும் பாட்டு. நித்திரைக்கும் அதை நிறுத்தமாட்டார். இரவில் என் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து அது மெல்ல முனகும். அது கேட்டால் எனக்கு நித்திரை வரும்.

தை மாதம் ஒருநாள் போனபோது மாமியின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

“பொட்டு எங்கை மாமி?”

“குங்குமம் முடிஞ்சுது.”

“அம்மாட்டை வாங்கிக்கொண்டு வரட்டே?”

“வேண்டாம். அந்தப் பக்கத்திலை கேக்கிறேல்லை.”

அந்தப் பக்கம் என்றார். ஒரு கல் தடிப்புச் சுவர்தான். அது அந்தப் பக்கம் ஆகிவிட்டிருந்தது.

அதே மாதம் பெரியக்காவுக்கு வேறோர் இடத்தில் சரிவந்தது. நாள் குறித்தார்கள். வீட்டில் எல்லோரும் சேலைக்கும் மண்டபத்துக்குமாக அலைந்தார்கள். மாமிக்குச் சாப்பாடு வைக்கும் பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லாமல் கைமாறியது. அம்மாவுக்கு இரவு ஷிப்ட். பெரியக்கா ஒரு நாள் கிண்ணத்தைப் படியில் வைத்து, மணியை அடித்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அன்று பகலும் ரேடியோ கேட்டது. மறுநாளும் கேட்டது. “மச்சாள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நல்லா இருக்கிறா” என்று பெரியம்மா சொன்னது பரிகாசமில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். சுவருக்கு அப்பால் ஓர் உயிர் இருக்கிறது என்பதற்கு எங்களுக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

முதல் நாள் சேலைக்கடைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள்; மறுநாள் பின்னேரம்தான் நான் புட்டும் சம்பலும் கொண்டு போனேன். படியின் குழியில் முதல் கிண்ணம் இருந்தது. மூடி திறக்கப்படவில்லை. அடியில் தேங்கிய மழைத்தண்ணீர் உறைந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மணி அடித்தேன். உள்ளே ஓர் ஆண்குரல் கலியாணச் சேலைகள் மலிவு விலையில் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமி, மாமி என்று தபால் துவாரத்துக்குள் கூப்பிட்டேன். மரத்தடுப்புத்தான் தெரிந்தது. அந்தக் காலத்துத் தச்சன் நெருப்பைக் காப்பதற்காகச் செய்தது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் விடவில்லை.

அப்பா வேலையிடத்திலிருந்து வந்து தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். என்னை உள்ளே விடவில்லை. ரேடியோ நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதயம் என்றார் மருத்துவர். “அடைப்பு வந்தும் கனநேரம் உயிரோடை இருந்திருப்பாவாம்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பிறகு, “மற்றப் பக்கம் கதவு இருந்திருந்தால்...” என்று தொடங்கினார். 

*

மாமியின் சவப்பெட்டியைக் கிரியைக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கறுத்த கோட்டுப் போட்ட நான்கு வெள்ளைக்காரர்கள் அதைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். எங்கே வைப்பது என்று உள்ளே பேச்சு முடியவில்லை.

“கலியாணம் வைச்சிருக்கிற வீடு. கூடத்துக்கை வைக்கேலாது” என்றார் பெரியம்மா. அழுதுகொண்டுதான் சொன்னார். “அவவின்ரை அறையிலை வைப்பம். அவவின்ரை வாசல் இருக்குத்தானே.”

ஆறாவது வாசலுக்குக் கொண்டு போனார்கள். பெட்டியின் தலை உள்ளே போய் மரத்தடுப்பில் முட்டியது. சாய்த்துப் பார்த்தார்கள். பின்னுக்கு எடுத்துக் கால்பக்கத்தை முதலில் விட்டுப் பார்த்தார்கள். ஆள் உடம்பைத் திருப்பிப் போகும் இடத்தில் பெட்டி எப்படித் திரும்பும்? அவர்களில் மூத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும், இந்த வழியால் முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான்தான் தமிழில் சொன்னேன்.

“அப்ப நேரே சுடலைக்குக் கொண்டு போவம்” என்றார் பெரியப்பா. “இஞ்சை இறக்கத் தேவையில்லை.”

அப்பா வேட்டியோடு நின்றார்.  உள்ளே போனார். நாட்காட்டியைக் கழற்றி நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல்.

“தம்பி, உனக்கென்ன விசரே?”

“பங்குனியிலை உடைக்கிறன் எண்டு அக்காவுக்குச் சொன்னனான், அண்ணை” என்றார் அப்பா. கையை நிறுத்தவில்லை. “கொஞ்சம் முந்திப் போச்சு.”

அவர் நல்ல வேலைக்காரர், சுவர் லேசில் விழவில்லை. அவர் கட்டியதை அவரே உடைக்க நீண்ட நேரம் எடுத்தது. அதுவரை நான்கு மனிதர்களும் பெட்டியை இறக்காமல் தோளில் வைத்தபடி முற்றத்தில் நின்றார்கள். வெள்ளை வேட்டியும் வெறும் மார்பும் சாம்பல் பூசியதுபோல ஆன அப்பா, முன்கூடத்துக்கு வந்து மூன்றாவது வாசலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார்.

“இதாலை கொண்டு வரச் சொல்லு, பிள்ளை.”

மாமி முன்வாசலால் வந்தார். கட்டில் கிடந்த இடத்தைத் தாண்டி, நடைக்குள் திரும்பி, பெரியம்மாவின் அறையைக் கடந்து, எங்கள் அறையைக் கடந்து, கற்குவியலுக்கு மேலாக அவருடைய அறைக்குப் போனார். யாரும் மறைந்து நிற்கவில்லை. மறைய இடமும் இல்லை, நடை அவ்வளவு ஒடுக்கம்.

பெட்டியைத் திறந்தபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன சேலை போர்த்துவது, நெற்றியில் என்ன வைப்பது என்று யாருக்கும் கேட்கத் துணிவில்லை. பெரியம்மா திருநீற்றுத் தட்டை எடுத்தார். அம்மா தன் குங்குமச் செப்பை எடுத்தார்.

“வேண்டாம், பிள்ளை” என்றார் பெரியம்மா மெல்ல. “பார்க்கிற சனம் என்ன சொல்லும்?”

“அவ விதவையெண்டு அவ சொல்லேல்லை, அக்கா. நாங்கள்தான் சொன்னனாங்கள்.”

அம்மா கட்டைவிரலால் வைத்தார். வட்டம் சரியாக வரவில்லை, ஒரு பக்கம் இழுபட்டுவிட்டது. காற்றில் நின்ற சாந்துத் தூசி அதன்மேல் படிந்துகொண்டேயிருந்தது.

*

அந்த மடத்தின் பழைய கதையைப் படிக்கும் காலத்தில் தேடிப் பார்த்தேன். அங்கிருந்த பெண்கள் மறுமணம் செய்தால் அறையை இழப்பார்களாம். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போக வேண்டுமாம். கடுமையான தர்மம்தான். ஆனாலும் ஆறு பேரும் தங்கள் தங்கள் வாசலால் வெளியே வந்து, ஒரே முற்றத்தில், ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தார்கள். ஒருத்தியின் வாசல் காலையில் திறக்காவிட்டால் பம்படியில் மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். வெள்ளைக்காரர் ஐந்து சுவர்களை உடைத்து அதை ஒரு வீடாக்கினார். நாங்கள் அதில் ஒரு சுவரைத் திரும்பக் கட்டினோம். பம்பு மட்டும் இல்லை.

வீடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. உடைத்த திறப்பின் ஓரங்களை அப்பா பிறகு அழகாகப் பூசினார். கதவு போடவில்லை. பெரியக்கா கலியாணம் முடித்துப் புருஷன் வீட்டோடு போய்விட்டாள். பெரியப்பா மூன்று வருடத்துக்கு முன் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள், பெரியம்மா தன் தலையணையையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டு நடையால் நடந்து ஆறாவது அறைக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. அப்பா எவ்வளவோ கெஞ்சினார். “எனக்கு இதுதான் வசதி” என்றார்.

போன கிழமை எனக்கு ஒரு பெரிய வேலைக்கு நேர்முகம் இருந்தது. முதல் நாளே வந்து வீட்டில் தங்கினேன். காலையில் முன்கூடத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, “பெரியம்மா, வெளிக்கிடுறன், ஒருக்கா முன்னுக்கு வாங்கோ” என்று நடைக்குள் கூப்பிட்டேன். நடை நேரானது. கூப்பிட்டால் கேட்கும்.

ரேடியோவின் சத்தம் குறைந்தது. நான் கதவைத் திறக்காமல் நின்றேன். அவர் அங்கே, மரத்தடுப்புக்குப் பின்னால், நான் போய்விட்ட சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.